வாசகர் கேள்வி: பெரிய குட்டிதான் நல்ல குட்டியா?

கேள்வி: எங்கள் ஜேர்மன் ஷெப்பர்ட் பெட்டை சினையாகி 30 நாட்களாகின்றன. எலும்பு பருத்த பெரிய குட்டிகளையே வாங்குவோர் கேட்பதால், இப்போதிருந்தே கல்சியம் பாணி கொடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொடுக்க வேண்டாம். சினைக்காலத்தில் கல்சியத்தை மிகையாகக் கொடுத்தால், எலும்பிலிருந்து அதனை விடுவிக்கும் உடலின் ஏற்பாடு மந்தமடைந்து, பால் சுரக்கும் நாட்களில் இரத்தத்தில் கல்சியம் சட்டெனக் குறைய, தாய் மூச்சிரைத்து, கால்கள் விறைத்து, வலிப்புக்கு உள்ளாகலாம். அவ்வேளையில் தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். சுமார் 63 நாள் சினையின் இறுதி மூன்று வாரங்களில், குட்டிகளுக்கென விற்கப்படும் முழுமையான உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். நம் வீடுகளில் வழமையான சோறும் கோழிக்கழுத்தும் மட்டும் அதற்கு ஈடாகாது.

பிறக்கும் குட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பெரிய இனக் குட்டிகளின் குடல், மிகையான கல்சியத்தை முதல் சில மாதங்களில் தடுக்க இயலாமல் உள்வாங்கிவிடுவதால், எலும்பு வலுவடைவதற்குப் பதிலாகக் கோணி வளர்கிறது.

இனி, 'பெரிய' என்ற சொல். சர்வதேச நாய்வளர்ப்புச் சம்மேளனத்தின் இனத்தரம் ஆணுக்கு 60 முதல் 65 சென்ரிமீற்றர் தோள் உயரத்தையும் 30 முதல் 40 கிலோ எடையையும், பெட்டைக்கு 55 முதல் 60 சென்ரிமீற்றரையும் 22 முதல் 32 கிலோவையும் வகுத்துள்ளது. 50 கிலோ நாயைப் பெருமையோடு காட்டுவோரிடம், அது இனத்தரத்துக்குப் புறம்பானது என்று தயங்காமல் சொல்லுங்கள். குட்டி வாங்க வருவோருக்கு, பருமனைக் காட்டுவதற்குப் பதிலாக, பரம்பரையாக வரக்கூடிய இடுப்பு மூட்டுக் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகத் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்.