பந்தயக் குதிரையின் கால் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குதிரைப் பந்தயத்தை எதிர்ப்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றே நினைக்கிறேன். ஓடுவது குதிரையின் இயல்பு. வளர்ப்பவர்களும் அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். விபத்து எந்த விளையாட்டில்தான் இல்லை? ஒன்று மட்டும் புரியவில்லை. காலுடைந்த குதிரைக்கு வைத்தியம் பார்க்காமல் ஏன் கொன்றுவிடுகிறார்கள்?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பந்தயக் குதிரை சுமார் 500 கிலோ இருக்கும். முழங்காலுக்குக் கீழே அதற்குத் தசை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். வேகத்தில் முறியும் எலும்பு பல துண்டாகிவிடும். கட்டுப் போட்டுப் படுக்க வைக்கலாம் என்றால், நாள்கணக்கில் படுத்தால் சொந்த எடையே அதன் தசையையும் நுரையீரலையும் கெடுத்துவிடும். மூன்று காலில் நின்றாலோ, பாரம் தாங்கும் நல்ல காலில் குளம்பு எலும்பை விட்டுப் பிரியத் தொடங்கும். 2006இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டது. எட்டு மாதம் போராடினார்கள். கடைசியில் குளம்பு நோய்தான் அதை வீழ்த்தியது; 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள்.

அதனால் களத்தில் ஊசி போடும் மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் நடப்பதுதான் என்னை உறுத்துகிறது.

கலிபோர்னியாவில் பந்தயக் களங்களில் இறக்கும் குதிரைகளை 1990 முதல் உடற்கூறாய்வு செய்கிறார்கள். முறிந்த எலும்புகளில் பெரும்பாலானவற்றில் பழைய நுண்விரிசல்கள் இருந்தன. கடும் பயிற்சியில் எலும்பு தேயும், பிறகு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். சரியாகும் வரை அந்த இடம் பலவீனமாகத்தான் இருக்கும். அதற்குள் மறுபடி ஓடவிட்டால்? லாயத்தில் குதிரைக்காரர் காலையில் குனிந்து, உள்ளங்கையால் முன்னங்காலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்பார். சூடு தெரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வலி மருந்து கொடுத்தால் சூடு தணியும், வீக்கம் வடியும். விரிசல் அப்படியே இருக்கும்.

கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா களத்தில் 2019இல் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. மக்கள் கொதித்த பிறகு மருந்து விதிகளை இறுக்கினார்கள், மருத்துவச் சோதனைகளைக் கூட்டினார்கள், நின்றபடியே காலைப் படமெடுக்கும் ஸ்கேன் கருவியும் வந்தது. சாவு குறைந்தது. அப்படிக் குறைக்க முடிந்ததையெல்லாம் விபத்து என்று எப்படிச் சொல்வது?

ஓடுவது இயல்பு என்கிறீர்கள். சரி. மேய்ச்சல் நிலத்தில் அவிழ்த்துவிட்ட குதிரையைப் பாருங்கள். சீறிப் பாயும், திரும்பும், மூச்சு வாங்கியதும் தானே நின்று புல்லைக் கடிக்கும். களத்தில் அது களைக்கிற கடைசித் தொலைவில்தான் ஜாக்கியின் சாட்டை விழுகிறது. குதிரையைச் சாட்டையால் அடித்து விரட்டுவதை நார்வே 1982லேயே தடை செய்தது. அங்கே பந்தயம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

அப்புறம், பிள்ளை மாதிரி என்றீர்கள். பல குதிரைகளுக்கு ஐந்தாறு வயதில் பந்தயம் முடிந்துவிடுகிறது. ஆயுளோ இருபத்தைந்து வருடம். பாக்கி இருபது வருடம் யார் கையில், எந்த நிலையில்? குதிரை ஓடிச் சம்பாதிக்கும்போதே பரிசுப் பணத்தில் ஒரு பங்கை அதன் பேரில் ஒதுக்கி வைக்க வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது இவ்வளவையாவது உரிமையாளர்களிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.