துணி விலகுமுன் வரும் சிரிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 7 மாதம். துணியால் முகத்தை மூடிக்கொண்டு "அம்மா எங்கே?" என்று கேட்டு, "இதோ!" என்று விலக்கினால் கெக்கலித்துச் சிரிக்கிறாள். 50 முறை செய்தாலும் அதே சிரிப்பு. ஒவ்வொரு முறையும் நான் காணாமலே போய்விட்டதாக நினைக்கிறாளா? முந்தைய முறை நடந்தது அவள் நினைவில் நிற்பதில்லையா? வீட்டில் மற்றவர்கள் இதைச் செய்தால் சில சமயம் அழுதுவிடுகிறாள். இதைவிடப் பட அட்டைகள் காட்டுவது அறிவு வளர்ச்சிக்கு நல்லதா? இந்த விளையாட்டுக்கென்றே கைபேசிச் செயலிகளும் இருக்கின்றனவே?

ம.

அன்புள்ள ம.,

பட அட்டைகளை எடுத்து உள்ளே வையுங்கள். 7 மாதத்தில் அவற்றுக்கு ஓர் அவசரமும் இல்லை. செயலி வேண்டவே வேண்டாம். ஏன் என்பது போகப்போகத் தெரியும். "நினைவில் நிற்பதில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். பல நாட்களாக என் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி அது. உங்கள் மகள் மீது எவ்வளவு அநியாயமான சந்தேகம்!

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பெரிய பெயர் துணை நிற்கிறது என்பது உண்மை. கண்ணெதிரே மூடி மறைத்த பொருளைக் குழந்தைகள் ஏறத்தாழ 8, 9 மாதம் வரை தேடி எடுப்பதில்லை என்று கவனித்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே, பார்வையில் இல்லாத பொருள் அந்த வயதில் குழந்தைக்கு இல்லாத பொருளே என்று முடிவு கட்டினார். 1980களில் உளவியலாளர் ரெனே பையார்ஜோனும் அவரோடு சேர்ந்தவர்களும் குழந்தையின் கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கவனித்தார்கள். பெட்டியை மறைத்தபடி பின்னோக்கிச் சாயும் பலகை ஒன்று, பெட்டி இருக்கும் இடத்தில் தடைபடாமல் ஊடுருவிச் சாய்வதுபோல் காட்டப்பட்டது. 5 மாதக் குழந்தைகள் அதை, நடக்க முடியாதது நடந்ததுபோல், நெடுநேரம் உற்றுப் பார்த்தன. அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனாலும், மறைந்ததைத் தேடி எடுக்கக் கைக்குத் தெரியாத வயதிலேயே கண் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது என்று எண்ண அது இடம் தருகிறது.

உங்கள் விளையாட்டுக்கு இன்னும் நெருக்கமான சோதனையை 1989இல் பேரட், கிளைட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளோடு இதே ஆட்டம். நடுநடுவே ஒரு மாற்றம்: ஒளிந்தவர் ஒருவர், வெளிப்பட்டவர் வேறொருவர், அல்லது ஒளிந்தவரே வேறோர் இடத்தில் வெளிப்பட்டார். குழந்தைகளின் புன்னகை குறைந்தது. திடுக்கென்ற வியப்புதான் இன்பம் என்றால் புன்னகை கூடியிருக்க வேண்டுமே! அவை காத்திருந்தது அதே முகத்துக்கு, அதே இடத்தில். நினைவு இல்லாமல் இப்படிக் காத்திருக்க முடியுமா? உங்கள் மகள் மறப்பதால் சிரிக்கவில்லை. நினைவு வைத்திருப்பதால், அடுத்து வரப்போவது தெரிந்திருப்பதால் சிரிக்கிறாள். சந்தேகமாக இருந்தால் ஓரம் தெரியும் மெல்லிய துணியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பாருங்கள். பழகிய ஆட்டத்தில் துணி விலகுமுன்பே சிரிப்பு கிளம்பிவிடும்.

அதனால் இந்த ஆட்டத்தின் உயிர் மூடுவதிலும் இல்லை, திறப்பதிலும் இல்லை. நடுவில் இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. பெரியவர்கள் கெடுப்பதும் அதைத்தான். 50 முறை என்று எழுதியிருக்கிறீர்கள். துணியை விலக்கிய மறுநொடியே மீண்டும் மூடினால்தான் ஒரே அமர்வில் அந்த எண்ணிக்கை வரும். அப்படியானால் அவள் முறையையும் நீங்களே ஆடிவிடுகிறீர்கள். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1976இல் இந்த ஆட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார்: முதலில் பார்வை தொடர்பு, பிறகு மறைதல், வெளிப்படுதல், மீண்டும் தொடர்பு. நம்மில் பலர் முதலாவதையும் கடைசியையும் விழுங்கிவிடுகிறோம்.

கைநீளத் தூரத்தில், அவள் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். அவள் பார்த்த பிறகே மூடுங்கள். மூடியிருக்கும்போது குரலை நிறுத்தாதீர்கள், "எங்கே... எங்கே..." என்ற இழுப்பு அவள் பிடித்துக்கொள்ளும் கயிறு. ஒன்று அல்லது இரண்டு விநாடி போதும். அதே பக்கமாக, அதே சொல்லோடு வெளிப்படுங்கள். பிறகு சும்மா இருங்கள். அவள் சிரிக்கலாம், காலை உதைக்கலாம், குரல் கொடுக்கலாம். அது முடியட்டும். நாலைந்து சுற்று ஒரே மாதிரி ஓடிய பிறகு இடைவெளியை ஒரு விநாடி நீட்டுங்கள். சிரிப்பு கூடினால் சரியான அளவு. முகம் இறுகினால் அதிகம், பழையபடி குறையுங்கள்.

பார்வையில்லாத குழந்தையோடும் இதை ஆடலாம். அங்கே மறைவது குரல், திரும்பி வருவது குரலும் தொடுகையும். இடைவெளி மட்டும் அதேதான்.

மற்றவர்களிடம் ஏன் அழுகிறாள் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். "பே!" என்று பாயும் குரல், நீளமான மறைவு, ஆளுக்கு ஒரு விதமான ஆட்டம், போதாக்குறைக்குப் புதிய முகங்களைக் கண்டு மிரளத் தொடங்கும் வயது. அழாவிட்டாலும் அவள் தலையைத் திருப்பிக்கொண்டால், கண்ணைக் கசக்கினால், முதுகை வளைத்தால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். திரும்பிய பக்கமே முகத்தைக் கொண்டுபோய் நீட்டுவது பெரிய தவறு. அவள் ஓய்வு எடுத்துக்கொள்கிறாள், தானே திரும்பிப் பார்த்தால் அடுத்த சுற்று. செயலியால் செய்ய முடியாதது இதுதான்: அவள் பார்க்கிறாளா, போதும் என்கிறாளா என்று அதற்குத் தெரியாது.

வரும் மாதங்களில் துணி அவள் கைக்குப் போகும். முதலில் உங்கள் முகத்திலிருந்து இழுப்பாள், பிறகு தன் தலையில் தானே போட்டுக்கொள்வாள். கயிறோ முடிச்சோ இல்லாத, சின்ன, மூச்சு புகும் மெல்லிய துணியாக இருக்கட்டும். தூங்கும் இடத்தில் அதை விட்டுவைக்காதீர்கள். அவள் மூடிக்கொள்ளும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து "எங்கே?" என்று கேளுங்கள். அவளே விலக்கட்டும், சிக்கிக்கொண்டு திணறினால் ஒழிய உங்கள் கை அந்தத் துணியைத் தொடக் கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்