அனுமார் காசு: கேள்வி பதில்

கானாடுகாத்தான்: அப்பத்தாவின் பெட்டகத்தில் 1818 என்று பொறித்த செப்புக் காசு ஒன்று இருந்தது. ஒருபுறம் அனுமார், மறுபுறம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் ஓர் அணா என்பதும் உள்ளன. என்ன விலை போகும்?

அம்மா, அது கம்பெனி அடித்த காசன்று. ரூபாய்க்கு 16 அணா என்னும் கணக்கு பழையதே ஆயினும், அணாவுக்கென்று தனி நாணயம் ஏழாம் எட்வர்டு காலத்தில், 1906-07இல்தான், செம்பும் நிக்கலும் கலந்து, வளைவு வளைவான விளிம்புடன் வந்தது. இருந்த காசைப் பார்த்துச் செய்வது போலி. இல்லாத காசை இருந்ததாகப் பாவித்துச் செய்வது கற்பனைக் காசு. பூசையறைக்கும் சேகரிப்போரின் வேடிக்கைக்கும் ஆனது என்பதால், உலோகத்தின் எடைக்கு மேல் மதிப்பில்லை. பெட்டகம் பழையது என்பதால் உள்ளே கிடப்பதெல்லாம் பழையதாகிவிடாது.

தேவகோட்டை: என்னிடம் இருப்பது 1616, இராமர் பட்டாபிஷேகம், அரை அணா.

கம்பெனிக்குச் சென்னைப்பட்டணம் கிடைத்ததே 1639இல்தான். இதுவும் கற்பனைக் காசே.

பள்ளத்தூர்: எங்களுடையது அரிசியை இழுக்கிறது. வாங்குவதற்கு ஆள் வந்திருக்கிறார். சோதனைச் செலவுக்கு முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அரிசியை இழுக்கும் செம்பு உலகில் இல்லை. அரிசியை இழுப்பதற்குக் காரணமாக மோசடிக்காரர்கள் சொல்லும் உலோகமான இரிடியம் என்று அவர் வாயெடுத்தால் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

கோட்டையூர்: கம்பெனி காசில் தெய்வ உருவம் வராது என்கிறீர்களா? மூன்று சுவாமி வராகன் எதில் சேரும்?

ஐயா, நான் அவ்வாறு கூறவில்லை. பெருமாளும் இரு தேவியரும் நிற்கும் அந்தப் பொன் வராகன் சென்னையில் கம்பெனியே வெளியிட்டது; நட்சத்திர வராகனிலும் பெருமாள் உண்டு. நமக்கு அடுத்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசில் பிரகதாம்பாளும், பின்புறம் தெலுங்கில் ‘விஜய’ என்பதும் இருக்கின்றன. மக்கள் நம்பிக் கைமாற்றிய உருவத்தைக் கம்பெனியும் எடுத்துக்கொண்டது; வணிகனுக்கு அதுதானே வேண்டும்!

மீண்டும் கோட்டையூர்: அப்படியானால் அனுமார் மட்டும் ஏன் கூடாது? வெள்ளி அரை வராகனில் ஆங்கில எழுத்தும் பெருமாளும் சேர்ந்தே உள்ளனவே?

நல்ல சான்று, ஏற்கிறேன். ஆனால் கோபுரம் பொறித்த அந்தக் காசில் பாரசீகமும் தமிழும் தெலுங்கும் உடனிருக்கின்றன. மதிப்பும் தென்னாட்டு வழக்கான வராகக் கணக்கில் உள்ளது. அனுமாரைப் பார்த்து நான் காசைத் தள்ளவில்லை, அணாவைப் பார்த்தே தள்ளினேன். காசைக் கையில் எடுத்தால் முதலில் மதிப்பைப் படியுங்கள், பிறகு ஆண்டை. சுவாமியைக் கடைசியில் கும்பிட்டுக்கொள்ளலாம்.

காரைக்குடி: தஞ்சைப் பெரிய கோயிலின் 1000 ரூபாய் நாணயமும் கற்பனையா?

இல்லை. கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி இந்திய அரசு வெளியிட்டது. சேகரிப்போருக்காகவே அடித்தாலும், அது அரசின் நாணயம்.

புதுவயல்: எங்கள் வீட்டிலும் ஓர் அனுமார் காசு, 1818. விலை?

முதல் பதிலைப் படியுங்கள்.