ஜூன் மாதத்தில் மலையடிவார முகாம் வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். மதுரையிலிருந்து மாமனாரும் (68) மாமியாரும் (64) வந்திருக்கிறார்கள். ஜூன் கடைசியில் செக்கோயா தேசியப் பூங்காவின் பாட்விஷா முகாமில் இரண்டு இரவுக்கு இடம் பிடித்திருக்கிறார் என் கணவர். 2,100 அடிதான், பெரியவர்களுக்கு மூச்சு வாங்காது, மலை என்பதால் வெயிலும் தெரியாது என்கிறார். மாமியாருக்குக் கரடி பயம். ஏழு வயது மகனுக்கு ஆற்றில் இறங்க வேண்டும். போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: மூச்சு விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. வெயில் விஷயத்தில் இல்லை. பாட்விஷா இருப்பது மலையின் காலடியில். கீழே சான் வாகீன் பள்ளத்தாக்கு கொதிக்கும்போது இங்கேயும் கொதிக்கும். கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டுவதெல்லாம் சாதாரணம். மதுரை வெயிலில் வளர்ந்தவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். மதுரையில் மத்தியானம் வீட்டுக்குள் மின்விசிறி சுற்றும், இங்கே கூடாரத்துக்குள் உட்காரவே முடியாது. ஓக் மரங்கள் உண்டு என்றாலும் எல்லா இடத்துக்கும் முழு நிழல் கிடைக்காது.

அடிவார முகாமுக்கு ஏற்ற காலம் மார்ச், ஏப்ரல். மேலே பனி கிடக்கும்போது இங்கே புல் பச்சையாகி, காட்டுப் பூக்கள் பூத்திருக்கும். ஜூனில் அதெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். எனவே முடிந்தால் பதிவை ரத்து செய்துவிட்டு, அதே பூங்காவில் 6,700 அடியில் இருக்கும் லாட்ஜ்போல் முகாமில் இடம் கிடைக்கிறதா பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு முகாமுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,400 மீட்டர், அப்படிப் பார்த்தால் கீழே இருப்பதைவிட 9 டிகிரி செல்சியஸ் குறைவு. அந்த உயரத்தில் பெரியவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கலாம், மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். இதய, நுரையீரல் தொந்தரவு ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாட்ஜ்போல் கிடைக்கவில்லையா? சரி, பாட்விஷாவிலேயே தங்குங்கள், ஆனால் தூங்குவதற்கு மட்டும். இட்லியைக் கட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கெல்லாம் மேலே கிளம்பிவிடுங்கள். ராட்சத மரக் காட்டுக்குப் போக சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ஜெனரல்ஸ் ஹைவே முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. மாமியாருக்கு வாந்தி வரும் என்றால் முன் சீட்டைக் கொடுத்துவிடுங்கள். 275 அடி உயர ஜெனரல் ஷெர்மன் மரத்தை (கன அளவில் உலகிலேயே பெரிய மரம் அதுதான்) பார்க்கப் படியிறங்கிப் போவது சுலபம், திரும்ப ஏறுவதுதான் கஷ்டம். மாமனாருக்கு மூட்டு வலி இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு முகாமுக்குத் திரும்பினால் போதும். தரையில் படுக்க வைக்காதீர்கள், இருவருக்கும் மடக்குக் கட்டில் வாங்கிவிடுங்கள்.

இனி ஆறு. கரடியைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். முகாமை ஒட்டி ஓடும் கவியா ஆற்றில் ஜூனில் வருவது சியரா மலையில் பனி உருகிய தண்ணீர். வெளியே அனல் அடிக்கும், தண்ணீரோ விறைக்கும். கால் வைக்கும் பாறை வழுக்கும், இழுப்பும் அதிகம். இந்தப் பூங்காவில் நடக்கும் சாவுகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நீரில் மூழ்குவது. முழங்கால் அளவுதானே என்று பையனை இறக்கிவிடாதீர்கள். கரைப் பாறையில் விளையாடும்போதும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அவனுக்குப் பார்க்க வேறு விஷயம் இருக்கிறது. பக்கத்தில் ஹாஸ்பிட்டல் ராக் என்ற இடத்தில், மோனோ பழங்குடிப் பெண்கள் ஓக் கொட்டை இடித்த குழிகள் பாறையிலேயே இருக்கின்றன. உங்கள் மாமியார் பார்த்ததுமே உரல் என்று சொல்லிவிடுவார். பாறை ஓவியங்களும் உண்டு, தொடக் கூடாது.

கரடிக்கு வேண்டியது உங்கள் புளியோதரைதான். ஒவ்வொரு இடத்திலும் இரும்புப் பெட்டி இருக்கும். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், தைலம் என்று வாசனையுள்ள எல்லாவற்றையும் அதில் பூட்டுங்கள். காரில் விட்டால் கதவைப் பிய்த்துவிடும். ராத்திரி பாட்டி தலைமாட்டில் முறுக்கு டப்பா இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடி பக்கம் போகாதீர்கள், பட்டால் பல நாள் அரிக்கும். கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, ராத்திரி கழிப்பறைக்குப் போக டார்ச்சும் மூடிய செருப்பும் வேண்டும். கோடையில் விறகுத் தீ மூட்ட அடிக்கடி தடை போடுவார்கள், சமையலுக்கு கேஸ் அடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பெட்ரோலை, பூங்கா வாசலுக்கு முன்னே வரும் த்ரீ ரிவர்ஸ் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் இணையதளத்தில் சாலையும் காட்டுத்தீ நிலவரமும் பாருங்கள். வெப்ப எச்சரிக்கை வந்திருந்தால், பதிவுப் பணம் போனாலும் பரவாயில்லை, த்ரீ ரிவர்ஸில் ஏசி அறை எடுத்துவிடுங்கள்.