கண்ணாடி போடும் பையன் கோல்கீப்பர் ஆக முடியுமா?

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி ஃபுட்பால் அணியில் கோலியாக நிற்கிறான். போன மாதம் கண் டாக்டர் மைனஸ் மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கோச்சுக்குத் தெரிந்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவார் என்று பயந்து, கண்ணாடியைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஆடுகிறான். பார்வைக் குறையோடு பெரிய கோல்கீப்பராக வந்தவர் யாராவது உண்டா?

பதில்:

உண்டு. ஜிம் லெய்ட்டன். ஸ்காட்லாந்து தேசிய அணிக்காக 91 ஆட்டங்கள், மூன்று உலகக் கோப்பைகளில் கோல் முன்னால் நின்றவர். காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டுதான் ஆடினார். புருவத்தில் வாசலினை அப்பிக்கொண்டு மைதானத்துக்குள் வருவார், வியர்வை கண்ணுக்குள் இறங்காமல் இருக்க. பழைய படங்களில் நெற்றி பளபளவென்று தெரியும்.

உங்கள் கேள்விக்கு இவ்வளவு போதும். நான் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் அந்தக் 'கோச்சுக்குத் தெரிந்தால்' என்ற வார்த்தை. பையன் சொல்லாமல் மறைக்கிறான் என்று உங்களுக்குத் தெரிகிறது, நீங்களும் சேர்ந்து மறைக்கிறீர்கள், சரிதானே? தப்பாக நினைக்காதீர்கள். நானும் அதையேதான் செய்தேன். லெய்ட்டனும் செய்தார்.

1985 செப்டம்பர் 10. கார்டிஃப் நகரில் வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஆட்டம். மெக்சிகோ உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று, டிரா செய்தாலே ஸ்காட்லாந்துக்கு அடுத்த படி. முதல் பாதியிலேயே மார்க் ஹியூஸ் வேல்ஸுக்கு ஒரு கோல் போட்டுவிட்டார். இடைவேளையில் டிரெஸ்ஸிங் ரூமில் லெய்ட்டன் சொல்கிறார்: ஒரு லென்ஸ் விழுந்துவிட்டது, மாற்று லென்ஸ் கொண்டுவரவில்லை. அவர் லென்ஸ் போடுவதே அங்கே யாருக்கும் தெரியாது. ஸ்காட்லாந்து மேனேஜர் ஜாக் ஸ்டீனுக்குத் தெரியாது. ஸ்டீனுக்கு உதவியாளராக அன்று பக்கத்தில் இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனுக்கும் தெரியாது. இதில் கவனியுங்கள், ஃபெர்குசன்தான் அபர்டீன் கிளப்பில் பல வருஷமாக லெய்ட்டனின் மேனேஜர். தினமும் கூடவே இருந்த மனிதர்.

இரண்டாம் பாதிக்கு ஆலன் ரஃப் இறங்கினார். 81-வது நிமிஷத்தில் டேவி கூப்பர் பெனால்டியில் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஜாக் ஸ்டீன் கோட்டோரத்தில் சரிந்து விழுந்தார். அன்றிரவே, அந்த ஸ்டேடியத்திலேயே உயிர் போய்விட்டது. வயது 62. இதயக் கோளாறு, லென்ஸுக்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் அந்த ஆளுடைய கடைசி அரை மணி நேரக் கவலைகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் வயிறு பிசையும். ஏனென்றால் மறைப்பவனுக்கு மட்டும்தான் தெரியும், மறைப்பது எவ்வளவு முழுநேர வேலை என்று.

என் கதைக்கு வருகிறேன். 'நீ என்ன இன்டர்நேஷனல் பிளேயரா' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இல்லை ஐயா. மாவட்ட அணிக்குக்கூட ஆடியதில்லை. கல்லூரி அணியில் இரண்டு வருஷம் கோலி, அவ்வளவுதான். மைனஸ் மூன்றரை. வகுப்பில் கண்ணாடி, மைதானத்தில் வெறுங்கண். பந்து பெனால்டி பாக்ஸுக்குள் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. பாக்ஸுக்கு வெளியே, தூரத்தில் இருந்து அடித்தால்தான் சிக்கல். பந்து காலில் இருந்து கிளம்பும் அந்த நொடி தெரியாது. அடிப்பவனின் இடுப்புத் திரும்புவதை வைத்துக் குத்துமதிப்பாக நகர்வேன். சத்தமும் உதவும். பந்தை முழுதாக வாங்கிய ஷூவின் சத்தம் வேறு, ஓரத்தில் பட்ட சத்தம் வேறு. இந்த வித்தையிலேயே நல்ல பெயர் வாங்கியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

மண்டல அளவிலான போட்டி, செமி ஃபைனல். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியதால் கடைசி இருபது நிமிஷம் மசங்கிய வெளிச்சம். பாதி மைதானத்தில் இருந்து ஒருத்தன் சும்மா தூக்கி அடித்தான். எனக்கு முன்னால் ஒரு குத்துக் குத்தி தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. நான் கையைக்கூடத் தூக்கவில்லை. பார்த்தவர்களுக்கு நான் தூங்கிவிட்டது போல இருந்திருக்கும். எப்படியோ பெனால்டி ஷூட்டில் ஜெயித்தோம், அதில் இரண்டு பிடித்தேன். பன்னிரண்டு கஜம்தானே, மங்கலாகவாவது தெரியும்.

மறுநாள் காலை ஃபைனல். வார்ம் அப் முடிந்து உட்கார்ந்திருக்கிறோம். பி.டி. சார் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "டேய், அந்த கிளவுஸைக் கழட்டித் தம்பிகிட்ட குடு" என்றார். அவ்வளவுதான். 'நீ இன்னைக்கு ஆடல' என்று ஒரு வார்த்தை கிடையாது. அணியில் இருந்ததே ஒரு ஜோடி கிளவுஸ். அதுவும் என் அக்கா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. கழற்றினேன். உள்ளே என் வியர்வை ஈரம். முதல் வருஷப் பையன் அதை மாட்டும்போது என்னைப் பார்த்து 'அண்ணா' என்றான், அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல் ஓடிவிட்டான். ஒன்றுக்கு பூஜ்யம், ஜெயித்தோம். போட்டோவில் ஓரத்தில் நிற்கிறேன், கண்ணாடியோடு. அன்றுதான் முதல் முறையாக அணியின் முன்னால் அதைப் போட்டேன்.

சார் செய்தது சரி. இதை நான் ஒப்புக்கொள்ளப் பல வருஷம் ஆனது. அவருக்குக் காரணம் தெரியாது, கோல் விழுந்த விதம் மட்டும்தான் தெரியும். காரணத்தை மறைத்தது நான்.

இனி லெய்ட்டனின் 1990. தெரிந்தவர்கள் இந்த இடத்துக்குத்தான் காத்திருப்பீர்கள். ஃபெர்குசன் அபர்டீனை விட்டு மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போய், 1988-ல் லெய்ட்டனையும் அங்கே கூட்டிக்கொண்டார். சேர்ந்து ஜெயித்தவர்கள் அல்லவா? 1983-ல் கோத்தன்பர்கில், மழை கொட்டிய இரவில், ரியல் மாட்ரிடை 2-1 என்று வீழ்த்தி ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை எடுத்த கூட்டணி. 1990 மே 12, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி, கிரிஸ்டல் பேலஸோடு 3-3 டிரா. மூன்று கோல் விழுந்ததில் லெய்ட்டனின் தலை உருண்டது. ஐந்து நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் ஃபெர்குசன் அவரை உட்காரவைத்து, லூட்டன் கிளப்பில் இருந்து தற்காலிகக் கடனுக்கு வந்திருந்த கீப்பர் லெஸ் சீலியை இறக்கினார். யுனைட்டெட் 1-0. ஃபெர்குசனின் முதல் கோப்பை அங்கே. சீலி தன் பதக்கத்தை லெய்ட்டனுக்குக் கொடுக்க முன்வந்தார், லெய்ட்டன் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு யுனைட்டெடுக்காக அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம்.

யுனைட்டெட் ரசிகர்கள் கம்பை எடுக்க வேண்டாம். முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. கோப்பை வந்துவிட்டது, பேச்சுக்கு இடமில்லை. ஆனால் கிளவுஸ் கழற்றிக் கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு: ஜெயித்த அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தோற்ற அணியில் ஆடியதைவிடக் கொடுமை. கூட இருப்பவர்கள் கட்டிப்பிடிக்கும்போது நீயும் சிரிக்க வேண்டும்.

நான் அதோடு ஃபுட்பாலை விட்டேன். லெய்ட்டன் விடவில்லை. நான்கு வாரத்துக்குள் இத்தாலியில் உலகக் கோப்பை ஆடினார். அங்கும் டூரினில் பிரேசில் ஆட்டத்தில் ஒரு ஷாட்டைப் பிடித்தும் பிடிக்காமலும் விட, கடைசி பத்து நிமிஷத்துக்குள் பிரேசில்காரர் முல்லர் கோலுக்குள் தட்டிவிட்டார். 0-1, ஸ்காட்லாந்து வெளியே. 'முடிந்தது லெய்ட்டன்' என்றார்கள். கடனுக்கு இங்கும் அங்கும் போனார், டண்டீ கிளப்புக்குப் போனார், அங்கேயும் சரிப்படவில்லை. 1993-ல் ஹிபர்னியன் கிளப். அங்கேதான் ஆள் மறுபடி நிமிர்ந்தார். தேசிய அணி திரும்பக் கூப்பிட்டது. 1998 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், பாரிஸ் பக்கத்தில், எதிரே மறுபடி அதே பிரேசில். கோலில் நின்றவருக்கு நாற்பது வயது முடிய ஆறு வாரம்தான் பாக்கி.

1999 கடைசியில் வேலைக்காக அபர்டீன் போனேன், எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்தம். ஊர் முழுக்க சாம்பல் நிறக் கல் கட்டடம், தலைக்கு மேலே கடல் காக்கைகளின் சத்தம். லெய்ட்டன் அப்போது பழைய வீட்டுக்கே, அபர்டீனுக்கே, திரும்பி வந்து ஆடிக்கொண்டிருந்தார். அவர் பெயரையே நான் கேள்விப்பட்டது என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் மூலம்தான். என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, நான் கோலியாக இருந்தேன் என்று சொன்னதும், கார்டிஃப் கதையை அவர் சொன்னார். நான் வெகுநேரம் பேசவில்லை.

2000 மே 27, ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி, ரேஞ்சர்ஸோடு. அதுதான் லெய்ட்டனின் கடைசி ஆட்டம், வயது 41. பெரியவரோடு பப்பில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். ரேஞ்சர்ஸ் அணியில் டச்சுக்காரர்கள் அதிகம் என்பதால் அவர்கள் ரசிகர் கூட்டம் முழுக்க ஆரஞ்சு சட்டை, பாதி ஸ்டேடியம் தீப்பிடித்த மாதிரி. ஆட்டம் தொடங்கி இரண்டு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. லெய்ட்டன் பந்துக்குப் பாய, ராட் வாலஸ் வந்து மோத, தாடை உடைந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்போது மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று பேர்தான், அபர்டீன் பெஞ்சில் மாற்றுக் கீப்பரே கிடையாது. ராபி வின்டர்ஸ் என்ற ஃபார்வர்டு கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு போஸ்டுக்கு நடுவே போய் நின்றார். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். முடிவு 4-0.

பப்பில் யாரும் சத்தம் போடவில்லை. பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வின்டர்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். கிளவுஸ் யாருடையது என்று.

அதற்குப் பிறகு லெய்ட்டன் அதே கிளப்பிலேயே கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆனார், பல வருஷம் இருந்தார். அந்த நாட்களில் அபர்டீனின் பிட்டோட்ரி மைதானத்துக்கு ஆட்டத்துக்கு முன்னால் சீக்கிரம் போனால், அவர் கீப்பர்களைத் தனியாகத் தயார் செய்வதைப் பார்க்க முடிந்தது. கடலுக்கு ஓரமாக இருக்கும் மைதானம், காற்று பந்தைக் காலில் இருந்து கிளம்பியதும் இழுக்கும். கோல்கீப்பர் கோச்சின் வேலை பார்க்க ஒன்றுமில்லாத வேலை: தரையோடு ஒன்று, இடுப்புயரம் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று, மறுபடி முதலில் இருந்து. கோல் போட அடிப்பது இல்லை, பிடிக்கக்கூடிய பந்தாக அடிக்க வேண்டும். கீப்பரின் கை பந்தை நம்பத் தொடங்கும்வரை அடிக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் கோலியாக நின்று உதை வாங்கியவர்கள்தான். அபர்டீனில் இவருக்கு முன்னால் கோலில் நின்ற பாபி கிளார்க்கும் அப்படித்தான். அவர் அமெரிக்கா போய் நோட்ர டாம் பல்கலைக்கழக அணிக்குக் கோச்சாகி, 2013-ல் தேசிய சாம்பியன்ஷிப்பே வாங்கிக் கொடுத்தார். கிளார்க்குக்கு அடிபட்டதால்தான் 1978-ல் லெய்ட்டனுக்கு முதல் வாய்ப்பே வந்தது. ஒருவன் கிளவுஸைக் கழற்றினால்தான் இன்னொருவன் மாட்ட முடியும், இந்தப் பிழைப்பில் அது ஒரு சாபம்.

சில வருஷம் முன்பு ஒரு கல்யாணத்தில் எங்கள் பி.டி. சாரைப் பார்த்தேன். ஃபைனல் ஜெயித்தது நினைவிருக்கிறது, செமி ஃபைனல் கோல் சுத்தமாக நினைவில் இல்லை. "நீதானடா பெனால்டி புடிச்சே" என்றார். கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, நூல் கட்டியாவது போட்டு நிப்பாட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பிவிட்டார்.

உங்கள் பையனுக்கு: நாளைக்கே நீங்களே போய் கோச்சிடம் சொல்லுங்கள், பையனை அனுப்பாதீர்கள். எடுத்துவிட்டால் எடுக்கட்டும், காரணம் தெரிந்து எடுத்தால் திரும்பவும் வரலாம். சாதாரணக் கண்ணாடியோடு ஆடவே வேண்டாம், விளையாட்டுக்கென்றே உடையாத கண்ணாடி கிடைக்கிறது, பின்னால் பட்டை போட்டது. இந்த வயதில் லென்ஸா கண்ணாடியா என்பதைக் கண் டாக்டர் சொல்லட்டும், நான் டாக்டர் இல்லை. லென்ஸ்தான் என்றால், குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, மாற்று ஜோடி ஒன்று எப்போதும் கிட் பையில் இருக்க வேண்டும். கிளவுஸ் வாங்கும்போது விரல் நுனியில் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள். உள்பக்கம் மார்க்கரால் பெயர் எழுதிவிடுங்கள்.