சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம்?

டிக்கெட்டில் இரவு 11.30-க்குப் புறப்பட்டு காலை 6.20-க்குச் சேரும் என்று இருக்கிறது, முட்டி வலி உள்ள அம்மாவால் ஏழு மணி நேரம் உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், அது ஏழு மணி நேரம் இல்லை.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, சாங்கியில் இறங்கிய பிறகு நிற்குமிடத்துக்குப் போவது எல்லாம் அதில் அடக்கம். நேர்கோட்டில் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவைத் தாண்டி, நிக்கோபார் தீவுகள் பக்கமாகப் போய் மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்குவார்கள்.

இதே மாதிரி இரவு விமானத்தில்தான் என் அம்மாவையும் அழைத்துப் போனேன். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் மறைப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மணி ஆறுங்கிறாங்க, இன்னும் விடியவே இல்லையேப்பா" என்றார். கீழே கப்பல்களின் விளக்குகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அங்கே சூரியன் உதிக்க ஏழு மணி ஆகிவிடும். தீர்க்கரேகையில் இரண்டு ஊருக்கும் சுமார் 24 டிகிரி வித்தியாசம். டிகிரிக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஒரு மணி முப்பத்தாறு நிமிடம்தான் வரும். ஆனால் கடிகாரத்தை மனிதர்கள் தள்ளி வைத்திருக்கிறார்கள். 1982 ஜனவரி 1-இல் மலேசியா நாடு முழுவதற்கும் ஒரே நேரம் கொண்டுவந்தபோது சிங்கப்பூரும் கூடவே அரை மணி முன்னே நகர்ந்தது. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான்.

அதனால் நீங்கள் யோசிக்க வேண்டியது முட்டியைவிடத் தூக்கத்தைப் பற்றித்தான். அங்கே 6.20 என்றால் அம்மாவின் உடம்புக்கு அது விடியற்காலை 3.50. அன்று மதியம் வரை எங்கும் கூட்டிப் போகாதீர்கள், படுக்க விடுங்கள். நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள், நடுவில் இரண்டு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சாங்கியில் நடை அதிகம். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் சில நிமிடங்கள் கூடலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தரையில் மேற்கிலிருந்து காற்று வீசினாலும், வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து எதிர்க்காற்று அடிக்கும். இதை 1950-களிலேயே விளக்கி எழுதியவர் நம் வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம்.

அப்புறம், திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். இரவு 8 மணிக்கு அங்கே ஏறினால் சென்னையில் 9.50-க்கு இறங்குவதாக டிக்கெட் காட்டும். இரண்டு மணி நேரத்தில் வீடு என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், அதுவும் அதே 4 மணி 20 நிமிடம்தான்.