12 பேர் கம்பெனியில் பாகுபாடு: கூட்டாட்சிச் சட்டமா, மாநிலச் சட்டமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் 12 பேர் வேலை பார்க்கும் கம்பெனி. பிறந்த நாட்டைக் காரணம் காட்டி ஒருவரை நீக்கினால் எங்கே புகார் கொடுப்பது?

முதலில் தலைகளை எண்ணுங்கள். 1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தில் வேலைப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் பகுதிக்குக் குறைந்தது 15 ஊழியர்கள் வேண்டும். 12 பேர் என்றால் அந்தக் கதவு மூடியது. கலிஃபோர்னியாவின் நியாயமான வேலைவாய்ப்பு, வீட்டுவசதிச் சட்டத்துக்கு 5 பேர் போதும். தொந்தரவு பற்றிய புகார் என்றால் ஒரே ஊழியர் இருந்தாலும் செல்லும். எனவே மாநிலக் குடிமை உரிமைகள் துறைக்குப் போகலாம். அவகாசம் 3 ஆண்டுகள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. 4 முதல் 14 பேர் வரை உள்ள நிறுவனம் பிறந்த நாட்டைப் பார்த்து வேலைக்கு எடுக்க மறுத்தாலோ நீக்கினாலோ, கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகத்தின் குடியேறியோர், ஊழியர் உரிமைப் பிரிவில் புகார் தரலாம். ஆனால் 180 நாட்களுக்குள்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது நாள் கணக்கில்தான். நீக்கும் முடிவை உங்களுக்குத் தெரிவித்த நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. கடைசி வேலை நாளை நம்பாதீர்கள். மனிதவளப் பிரிவு விசாரிக்கிறதே என்று காத்திருந்தால் அவகாசம் நிற்கும் என்றும் நம்பாதீர்கள்.

நேரே வழக்குப் போடவும் முடியாது. மாநிலச் சட்டத்தில் என்றால், முதலில் மாநிலத் துறையிடம் வழக்குப் போட அனுமதிக்கும் வழக்குரிமைக் கடிதம் வாங்க வேண்டும். அதன் பிறகு ஓராண்டுக்குள் வழக்கு. மின்னஞ்சல்கள், மதிப்பீட்டு அறிக்கைகள், உங்கள் இடத்தில் யாரை நியமித்தார்கள் என்ற விவரம் ஆகியவற்றை முதலிலேயே தொகுத்து வையுங்கள்.